ஜிம்னியில் ஸ்பிட்டி: கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: என்னிடம் ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னி, மேனுவல் கியர் வண்டி இருக்கிறது. செப்டம்பரில் மனைவியும் நானும் கோவையிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை ஓட்டிச் சென்று வரத் திட்டமிட்டிருக்கிறோம். வாய்ப்புள்ள இடங்களில் கூடாரமடித்துத் தங்க ஆசை. வண்டிக்குத் துணைச் சாதனங்கள் பொருத்தும் ஒரு கடையில் கேட்டோம். ரூஃப் கேரியர், கூரைக் கூடாரம், இரும்பு பம்பர், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பின்பக்க இழுப்பறை, எல்.இ.டி. விளக்குப் பட்டை என்று மூன்று லட்சத்தைத் தாண்டி ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். இதில் எது தேவை, எதை விடலாம்?
– ஒரு கோவை வாசகர்

பதில்: அந்த மதிப்பீட்டுத் தாளை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே விலை இருக்கும். எடை இருக்காது. உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போவது அந்த விடுபட்ட எண்தான்.

ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஆட்களும் சாமான்களும் ஏறியபின் இருக்கலாம் என்று நிறுவனம் அனுமதிக்கும் உச்ச எடை 1,545 கிலோ. ஆக, நீங்கள் ஏற்றக்கூடியது சுமார் 345 கிலோ. நீங்கள் இருவரும் உட்கார்ந்தாலே அதில் 145 கிலோ போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 200. இப்போது கடைக்காரரின் பட்டியலுக்கு வருவோம். இரும்பு பம்பர் 40 கிலோ, வின்ச் 25, கேரியர் 25, கூரைக் கூடாரம் 50, இழுப்பறை 50. கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் கூட்டினால் 190 வருகிறது. எஞ்சிய பத்து கிலோவில்தான் தண்ணீர், அரிசி, அடுப்பு, துணிமணி, படுக்கை எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர் வைத்தால் கணக்கு முடிந்தது.

லிஃப்ட் கிட் போட்டால் தாங்கும் என்று சொல்லியிருப்பார்கள். தடித்த ஸ்பிரிங் வண்டியின் பின்பகுதி தொங்காமல் பார்த்துக்கொள்ளும். பிரேக், அச்சு, சக்கர பேரிங் இவற்றின் திறனை அது கூட்டாது. 1,545 என்ற எண் அப்படியேதான் இருக்கும். ஜிம்னியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) 210 மில்லிமீட்டர். ஸ்பிட்டி சாலைக்கு அது போதும். லிஃப்ட் கிட்டைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

உயரம் இன்னொரு கணக்கைக் கொண்டுவருகிறது. உங்கள் 1.5 லிட்டர் எஞ்சினில் டர்போ கிடையாது. வெளியே எவ்வளவு காற்றழுத்தமோ அதை வைத்துத்தான் மூச்சுவிட வேண்டும். மணாலிக்கும் ஸ்பிட்டிக்கும் நடுவிலுள்ள குன்சும் கணவாய் 4,500 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குக்கும் சற்றுக் குறைவு. கோவையில் 105 குதிரைச் சக்தியாக இருந்தது அங்கே அறுபதாகிவிடும். அந்த அறுபதை வைத்துக்கொண்டு கூடுதலாக 190 கிலோவை மலையேற்ற வேண்டுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கூரைக் கூடாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியலில் மனத்தை மயக்குவது அதுதான். ஏணி வைத்து ஏறிப் படுத்தால் கீழே பள்ளத்தாக்கு தெரியும். படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் ஜிம்னி 1,645 மில்லிமீட்டர் அகலம், 1,720 உயரம். அகலத்தைவிட உயரம் கூடிய வண்டி. அதன் தலையில் 75 கிலோ ஏற்றினால் பக்கவாட்டில் சாய்ந்த பாதையில் அது ஆடுவதை ஸ்டியரிங்கிலேயே உணர்வீர்கள். ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கிறது, படியுங்கள். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். நின்றிருக்கும்போது தாங்குவது வேறு, குண்டும் குழியுமான சாலையில் குதிக்கும்போது தாங்குவது வேறு. கடைகளில் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். இன்னொன்று, முகாமிட்ட இடத்திலிருந்து பக்கத்து ஊருக்குப் பால் வாங்கப் போவதென்றாலும் வீட்டையே மடித்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

மூன்று நான்கு கிலோவில் நல்ல இருவர் கூடாரம் கிடைக்கிறது. தரையில் அடியுங்கள். மிச்சமாகும் பணத்தில் பாதியைப் படுக்கைக்குச் செலவிடுங்கள். செப்டம்பர் இரவில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். தூங்கும் பை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், உடம்புக்கு அடியில் அது நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு சூடு தராது. கீழே போடும் காப்புப் பாயில் கஞ்சத்தனம் வேண்டாம். பையில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து வாங்குங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்கும் அளவு, உறங்கும் அளவு அன்று. ஸ்பிட்டியில் ஊருக்கு ஊர் வீட்டுத் தங்கல் கிடைக்கிறது. எனவே பதினைந்து நாளில் கூடாரம் விரிப்பது நான்கைந்து இரவாகத்தான் இருக்கும். சந்திரதால் ஏரிக்கரையிலேயே கூடாரமடிக்க அனுமதி இல்லை. ஏரிக்குச் சில கிலோமீட்டர் முன்பே முகாமிடங்கள் இருக்கின்றன, அங்கேதான் தங்க வேண்டும்.

இரும்பு பம்பரை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடலாம். முன்பக்கம் புல் பார் என்னும் இரும்புத் தடுப்பைப் பொருத்துவது சட்டவிரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் நிறுவனம் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பல மாநில எல்லைகளைத் தாண்டப் போகிறீர்கள். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். விபத்து நேரும்போது நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதி நசுங்காமல் நின்றால், ஏர்பேக் விரியும் கணக்கே தப்பலாம். பம்பர் போனால் வின்ச்சும் போய்விடும், அதைப் பொருத்த இடமில்லை. கவலைப்பட வேண்டாம், ஸ்பிட்டி சாலையில் மாட்டிக்கொண்டவனை இழுத்துவிடாமல் எந்த லாரி ஓட்டுநரும் போகமாட்டார். உங்களிடம் நல்ல கயிறு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே வாங்க வேண்டியவற்றில் முதலில் கயிறு. நீண்டு சுருங்கும் மீட்புக் கயிறு ஒன்று, அதைக் கொக்கியில் இணைக்க மென்கயிற்றாலான ஷாக்கிள் இரண்டு. கூடவே ஒரு மண்வாரி. நிறுவனமே முன்னும் பின்னும் கொடுத்திருக்கும் இழுவைக் கொக்கிகள் எவை, லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்காக இருப்பவை எவை என்று வீட்டிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள். மாற்றி மாட்டினால் பிய்த்துக்கொண்டு பறக்கும் இரும்பு ஆளை அடிக்கும்.

செலவழிக்கத் தகுந்த ஒரே பெரிய பொருள் டயர். உங்கள் வண்டியோடு வந்தது 195/80 ஆர்15. பலர் தார், கல், மண் எல்லாவற்றிலும் ஓடும் ஆல் டெரெய்ன் வகையில் 215/75 ஆர்15-க்கு மாறுகிறார்கள். விட்டம் பத்து மில்லிமீட்டர்தான் கூடுகிறது, வேகமானியில் பெரிய பிழை வராது. ஆனால் ஒவ்வொரு டயரும் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும். என்னைக் கேட்டால் பழைய அளவிலேயே, பக்கச்சுவர் உறுதியான ஆல் டெரெய்ன் டயரைத் தேடுங்கள். எந்த அளவு வாங்கினாலும் ஐந்தாக வாங்குங்கள். நான்கை மட்டும் மாற்றிவிட்டு, பின்கதவில் பழைய ஸ்டெப்னியைத் தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். பஞ்சரான அன்றைக்கு நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் வேறு அளவில் சுற்றினால் கியர் பெட்டிக்குத்தான் வலி.

காற்றழுத்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கோவையில் அடித்த காற்று அப்படியே இருந்தாலும், குன்சும் உச்சியில் மீட்டரை வைத்தால் ஐந்தரை பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். வெளியே அழுத்தம் குறைந்துவிட்டதால் வரும் வித்தியாசம் அது. விடியற்காலைக் குளிரோ டயருக்குள் இருக்கும் காற்றைச் சுருக்கி, நான்கு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கீழே இழுத்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். வெயில் ஏறி, டயரும் ஓடிச் சூடானபின் மிஞ்சுவது கூடுதல் அழுத்தம்தான். கல்லில் வண்டி குதிகுதியென்று குதிக்கும். தினமும் காலையில், ஓட்டத் தொடங்கும் முன் அளந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்காகவே பேட்டரி முனையில் கவ்வி மாட்டும் ஏர் கம்ப்ரஸர் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பொம்மை வேண்டாம். டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் பெட்டியை வாங்கி, பழைய டயர் ஒன்றில் துளை போட்டு நீங்களே ஒருமுறை அடைத்துப் பாருங்கள்.

பெட்ரோலுக்கு வருவோம். தொட்டி 40 லிட்டர். மோசமான சாலையில் லிட்டருக்குப் பத்து என்று கொண்டாலும் 400 கிலோமீட்டர் ஓடும். மணாலியிலிருந்து ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா சுமார் 200 கிலோமீட்டர், காசாவில் பங்க் இருக்கிறது. அங்கே சரக்கு தீர்ந்துபோகும் நாளுக்காகப் பத்து லிட்டர் உலோகக் கேன் ஒன்று போதும். அதை விளிம்புவரை நிரப்பாதீர்கள், மேலே போகப்போக உள்ளே ஆவி விரியும். ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்கவும் கூடாது. கேனை வெளியே கட்ட வழி இல்லையென்றால் வெறுமையாகவே கொண்டுபோய், தேவையானால் மட்டும் நிரப்புங்கள்.

சமையலில் நான் பட்டது இது. முதல் முறை போனபோது திறந்த பாத்திரத்தில் அரிசி வைத்தேன். தளதளவென்று கொதித்தது, முக்கால் மணி நேரம் கொதித்தது, அப்போதும் நடுவில் நறுக்கென்றது. நான்காயிரம் மீட்டரில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு என்றைக்கும் வேகாது. இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மூடிக்கு மாற்று கேஸ்கெட் ஒன்றும் வையுங்கள். ப்யூட்டேன் குப்பி அடுப்பு போதுமானது, ஆனால் குளிர்ந்த குப்பியில் தீ சோம்பல்படும். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றிவிட்டுப் பொருத்துங்கள். வழியில் நாகபுரி வெயிலில் அந்தக் குப்பிகளை மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மணாலியிலேயே வாங்கிக்கொள்வது உத்தமம். எவ்வளவு குளிரடித்தாலும் கூடாரத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ அடுப்பு எரியக் கூடாது, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கடைக்காரர் அடுத்த முறை கேட்பார். ஊரே குளிர்பெட்டியாக இருக்கும்போது எதற்கு? விளக்குப் பட்டையும் வேண்டாம். அந்தச் சாலையில் இரவில் ஓட்டவே கூடாது, பிறகு வெளிச்சம் எதற்கு? மணாலி–காசா வழியில் கிராம்பூவுக்கும் பாத்தலுக்கும் இடையில் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் ஓடைகள் காலையில் கணுக்காலளவு இருக்கும். வெயிலில் பனி உருகி மாலையில் முழங்காலைத் தொடும். விடிந்ததும் கிளம்பிக் கடந்துவிடுங்கள். ஒருவர் இறங்கி நடந்து பார்த்தபின் ஃபோர் லோவில் (நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்நிலை) முதல் கியர் போட்டு, நடுவில் கிளட்சை மிதிக்காமல், ஒரே சீராக ஏறிவிடுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் டூ ஹைக்கு (இரண்டு சக்கர இயக்கம்) திரும்ப மறக்காதீர்கள். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் இல்லை, காய்ந்த தாரில் நான்கு சக்கரமும் பூட்டி ஓட்டினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும்.

இழுப்பறைக்குப் பதிலாக மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று போதும். பின் சீட்டை மடக்கி, தண்ணீர், கருவிகள் போன்ற கனமானவற்றை முன் சீட்டுக்குப் பின்னால் தரையோடு வைத்து, ராட்செட் பட்டையால் சீட் சட்டத்தோடு இறுக்குங்கள். கட்டாத இருபது லிட்டர் தண்ணீர் கேன் பிரேக் அடித்தவுடன் உங்கள் முதுகைத்தான் தேடி வரும்.

பாதையிலும் ஒரு திருத்தம். போகும்போது மணாலி வழியாக ஒரே நாளில் குன்சும் ஏறாதீர்கள். சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ என்று கின்னவுர் வழியாகப் படிப்படியாக ஏறி, திரும்பும்போது மணாலியில் இறங்குங்கள். எஞ்சினுக்கு மட்டுமில்லை, உங்கள் நுரையீரலுக்கும் அவகாசம் வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு எல்லாவற்றையும் ஏற்றி, பெட்ரோல் நிரப்பி, நீங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே லாரி எடை மேடையில் ஒருமுறை ஏற்றுங்கள். முதலில் முழு வண்டியையும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் சீட்டு வாங்குங்கள். 1,500-க்குள் வந்தால் நிம்மதி. அன்றைக்கே அப்படியே கொல்லிமலைக்கு விடுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எது உருளுகிறது, எது கிறீச்சிடுகிறது என்று தெரிந்துவிடும். மேலே அனுமதி உள்ள தனியார் தோட்டம் ஒன்றில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்குங்கள். திரும்பி வந்து பெட்டிகளைப் பிரிக்கும்போது கை படாமலே கிடந்த பொருள்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மருந்துப் பெட்டியையும் பஞ்சர் பெட்டியையும் மீட்புக் கயிற்றையும் தவிர.