மூங்கிலும் பேரரசரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் குடும்பத்தோடு பெய்ஜிங் போயிருந்தோம். தடைசெய்யப்பட்ட நகரம் என்ற பழைய அரண்மனைக்குள், பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியான்லோங்கின் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி, மூங்கில் என்றால் நேர்மை, பைன் என்றால் நீண்ட ஆயுள், பிளம் என்றால் மனஉறுதி என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். எனக்கு மனம் ஒட்டவில்லை. வெளியே நிஜ மரங்கள் நிற்கும்போது உள்ளே சன்னலிலும் கூரையிலும் அதையே எதற்குச் செதுக்க வேண்டும்? இது வெறும் ஆடம்பரம் மட்டும்தானா?

க.

அன்புள்ள க.,

வழிகாட்டி சொன்னது தப்பில்லை, ஆனால் வாய்ப்பாடு மாதிரி சொன்னால் யாருக்கும் மனம் ஒட்டாது. அந்தச் செடி எந்த அறையில் இருக்கிறது, யாருக்காக, எதில் செய்தது என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தோட்டம் 1771-லிருந்து 1776-க்குள் கட்டப்பட்டது. சியான்லோங்கின் தாத்தா காங்சி 61 ஆண்டுகள் ஆட்சி செய்தவர். அவரை மிஞ்சக் கூடாது, அறுபது ஆண்டு முடிந்ததும் விலகிவிட வேண்டும் என்று சியான்லோங் முடிவு செய்திருந்தார், ஓய்வுக்காலத்துக்குத்தான் இந்த இடம். அரியணையை விட்டு இறங்கியபின் தான் யாராக இருக்க விரும்பினாரோ அந்த ஆளுக்காகக் கட்டிய வீடு. அந்த ஆள் யார்? கவிதை எழுதி, படம் வரைந்து, தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு தென்சீன அறிஞர். ஆறு முறை தெற்கே பயணம் போனவர் அவர், அந்த ஊர்களின் தோட்டங்கள் மேல் அவ்வளவு மோகம்.

பைன், மூங்கில், பிளம் மூன்றும் அந்த அறிஞர்கள் காலங்காலமாக வரைந்துவந்த 'குளிர்கால நண்பர்கள்'. முதல் இரண்டும் பனியிலும் பச்சையாக நிற்கும், மூன்றாவது குளிர் விலகும் முன்பே பூத்துவிடும். குளிர் வந்தால்தான் பைன் கடைசியில் உதிர்வது தெரியும் என்று கன்ஃபூசியஸே சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் இந்த மூன்று நண்பர்களின் பெயரிலேயே ஒரு சிறு கட்டடம் உண்டு, அதன் சன்னலில் கம்பிக்குப் பதில் மூன்று செடிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எந்த மரத்தில் தெரியுமா? சீனர்கள் சீதான் என்று அழைக்கும் மரத்தில். அது நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் விளையும் செம்மரம்தான் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

வெளிவாசல் பக்கம் தரையில் வளைந்து வளைந்து ஓடும் கல்வாய்க்கால் உள்ள மண்டபம் பார்த்திருப்பீர்கள். கி.பி. 353-ல் வாங் சிச்சி என்ற எழுத்துக்கலைஞர் நண்பர்களோடு ஓடைக்கரையில் உட்கார்ந்து, மிதந்துவரும் மதுக்கிண்ணத்தை எடுத்துக் குடித்துக் கவிதை எழுதிய நாளின் நினைவு அது. அன்று அங்கே உயரமான மூங்கில்கள் நின்றதாக அவரே எழுதியிருக்கிறார், அதனால்தான் இந்த மண்டபம் முழுக்க மூங்கில் செதுக்கல். இங்கே மூங்கில் நேர்மைக்கு மட்டும் அடையாளமில்லை, ஒரு நாளையும் ஒரு கூட்டத்தையும் சுட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வடகோடியில் உள்ள சுவான்சின்சாய், 'உழைத்துக் களைத்தவரின் அறை'. உள்ளே ஒரு குட்டி நாடக மேடை, அதைச் சுற்றி மூங்கில் வேலி. வேலி சுவர் வரை வந்து நின்றுவிட, அங்கிருந்து அதே வேலி ஓவியமாகத் தொடர்கிறது, அப்புறம் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் பட்டில் வரைந்த விஸ்டீரியா என்ற பூங்கொடி, ஊதாக் கொத்துகள் பந்தலிலிருந்து தலைமேல் தொங்குவது போலவே. இத்தாலியப் பாதிரியார் காஸ்டிலியோனே அரண்மனைக்குக் கொண்டுவந்த தூரக்காட்சி முறை அது, தட்டையான பரப்பிலும் ஆழம் தெரியும்படி வரைவது. பெய்ஜிங்கின் கடும் பனியில் வெளியே எல்லாம் மொட்டையாக நிற்கும்போதும் உள்ளே வசந்தம். உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த வேலி மூங்கிலே இல்லை! நன்மூ என்ற விலையுயர்ந்த மரத்தை இழைத்து, கணு வைத்து, புள்ளி மூங்கில் போலச் சாயம் பூசியிருக்கிறார்கள். அதே கட்டடத்தில் நிஜ மூங்கிலின் உட்தோலை உரித்து, தட்டையாக்கி, ஒட்டி, மான்களும் மரங்களுமாகச் செதுக்கிய பலகைகளும் உண்டு. ஏழை அறிஞரின் குடிசைப் பொருளுக்குப் பேரரசின் செலவு. ஆடம்பரமா என்றால் ஆமாம், சந்தேகமே இல்லை. 'மட்டும்தானா' என்பதைத்தான் நான் ஏற்கவில்லை, ஏனென்றால் பகட்டு மட்டுமே நோக்கமாக இருந்தால் தங்கமும் டிராகனும் போதும், மூங்கில் வேலி தேவையில்லை. அதை ஆசைப்பட்டுத்தான் செய்தார்.

1796-ல் சொன்னபடி பட்டத்தை மகனிடம் கொடுத்தார், அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. 1799-ல் சாகும்வரை இந்தத் தோட்டத்துக்குக் குடிவரவும் இல்லை.