காலையில் கை பிடித்துப் பார்க்கும் மகள்

கேள்வி: எனக்கு வயது 41. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏழு மாதங்களாகக் கெண்டைக்காலிலும் கண் இமையிலும் சதை துடிக்கிறது. விரல் நுனிகளிலும் பாதங்களிலும் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. சில நேரம் மரத்துப்போகிறது. மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ., நரம்புப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறையில்லை என்கிறார்கள். இரவில் கைபேசியில் தேடினால் பெரிய பெரிய நோய்களாக வருகின்றன, தூக்கம் போய்விட்டது. மருந்துக் கடையில் நரம்புக்கான வைட்டமின் மாத்திரை இரண்டு வகை வாங்கித் தினமும் சாப்பிடுகிறேன். பயந்துவிடுவாள் என்பதால் மனைவியிடம் முழுவதையும் சொல்லவில்லை. நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும் பள்ளிக்குப் புறப்படும் முன் என் இரு கைகளையும் அழுத்திப் பிடித்துப் பார்த்து, “இன்னைக்கு நல்லா இருக்குப்பா” என்று சொல்வாள். அதைக் கேட்டால்தான் எனக்கு மனம் நிற்கிறது. பெங்களூருக்குப் போய்ப் பெரிய மருத்துவமனையில் காட்டட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதம் உண்மையில் நான்கு பக்கம். அதில் மகளைப் பற்றி வருவது இரண்டே வரி; அதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிட்டேன்.

மனைவி பயந்துவிடுவாள் என்று மறைத்த நீங்கள், நான்காம் வகுப்புக் குழந்தை பயப்படமாட்டாள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? முப்பது வயதைக் கடந்த, உங்களோடு குடும்பம் நடத்துகிற, உங்கள் நோயைத் தெரிந்துகொள்ளும் உரிமையுள்ள ஒரு பெண்ணை விலக்கி வைத்துவிட்டு, அவள் சுமக்க வேண்டியதைப் புத்தகப்பையோடு சேர்த்து ஒரு குழந்தையின் தோளில் ஏற்றியிருக்கிறீர்கள். அப்பாவின் கையில் ஏதோ நடக்கக்கூடும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும். தான் சொல்லும் சொல்லில்தான் அப்பாவின் அன்றைய பொழுது ஓடுகிறது என்பதும் தெரியும். ஆகவே அவள் ஒருநாளும் வேறு பதில் சொல்லமாட்டாள். உங்கள் பிடி உண்மையிலேயே தளர்ந்தாலும் “நல்லா இருக்குப்பா” என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். ஒரே விடை மட்டும் வரக்கூடிய பரிசோதனையால் உங்களுக்கு என்ன தெரியப்போகிறது?

எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று அவருக்குப் பயம். இரவில் எழுந்து மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கும்படி, எட்டு வயதில் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். அத்தை எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். நானோ இந்த வயதிலும் யார் வீட்டில் தங்கினாலும் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சைக் கேட்காமல் தூங்குவதில்லை. அவர் மீது எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

“பயப்பட ஒன்றுமில்லை” என்ற வரியை நீங்கள் என்னிடம் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுதப்போவதில்லை. காலை எட்டரைக்கு மகள் தரும் அந்த வரி, பட்டறையில் பதினோரு மணித் தேநீர் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. இல்லாவிட்டால் மறுநாள் அவளிடம் மறுபடி கை நீட்டமாட்டீர்கள். மூன்று மருத்துவர்கள் சொன்னதும் அப்படித்தான் தீர்ந்தது. உடம்பைப் பற்றிய பயத்துக்கு இதுவே வழக்கம்: கேட்கக் கேட்க ஆறுதலின் ஆயுள் குறைந்துகொண்டே போகும், கேட்கும் தடவைகளோ கூடிக்கொண்டே போகும். நாளெல்லாம் கையை முறுக்கியும் காலை அழுத்தியும் சோதித்தால் தசை களைத்துத் துடிக்கும். தூக்கமின்மையும் மிகுதியான காபி, தேநீரும் அந்தத் துடிப்பைக் கூட்டும். பயத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் குறுகுறுப்பு எழும். அந்தக் குறுகுறுப்பு கற்பனையில்லை, உடம்பில் உண்மையாகவே நடப்பதுதான். ஆனால் அதைப் பார்த்து நீங்கள் மேலும் பயப்படுகிறீர்கள், மூச்சு மேலும் வேகமாகிறது.

இதனால் உங்களுக்கு நோயே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனைகளில் குறையில்லை என்றால், அந்தச் சோதனைகள் தேடிய குறை இல்லை என்பதே பொருள். வழக்கமான நரம்புப் பரிசோதனை பருத்த நரம்பிழைகளை அளக்கும். சூட்டையும் வலியையும் எடுத்துச் செல்லும் மெல்லிய இழைகள் அதில் பிடிபடுவதில்லை. கை கால் மரத்துப்போகும் பலருக்கு எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் காரணம் தெரியாமலே இருப்பதுண்டு. தெரியாமலே சில மாதங்கள், ஏன், சில ஆண்டுகள்கூட வாழப் பழக வேண்டியிருக்கலாம். கைபேசியில் நள்ளிரவில் கிடைக்கும் எந்தப் பெயரும் அந்த வேலையைக் குறைக்காது.

மாத்திரை விஷயத்தில் உங்களைக் கண்டிக்காமல் விட முடியாது. நரம்புக்கென்று விற்கப்படும் வைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் பி6 இருக்கிறது. அதை அளவு மீறி மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே கை கால்களை மரத்துப்போகச் செய்யும். இது 1983-லேயே மருத்துவ இதழில் பதிவான செய்தி. நீங்கள் இரண்டு வகையைச் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள். பி12 உள்ள மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இரத்தம் கொடுத்தால், உண்மையில் இருந்த குறைபாடு அந்த அறிக்கையில் மறைந்தும் போகலாம். எந்தத் தேதியில் மாத்திரையைத் தொடங்கினீர்கள், எந்தத் தேதியில் இரத்தம் கொடுத்தீர்கள் என்று எழுதி வைத்து, இரண்டு அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மருத்துவர்களிடமும் இந்த மாத்திரைகளைப் பற்றிச் சொன்னதாக நான்கு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை.

தொழிலைப் பற்றிச் சொன்னதாகவும் இல்லை. கொலுசு வேலை செய்பவர் தரையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பவர் என்பது செவ்வாய்ப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். ஆலோசனை அறையில் இருப்பவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அப்படி உட்காருவதால் நசுங்கிப் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போவதுண்டு. மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் குறுகுறுப்பு வரும், இரவில் கூடும். வெள்ளியைப் பற்றவைக்கும் புகையில், பயன்படுத்தும் பொடியின் கலவையைப் பொறுத்து, காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கலாம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. இவற்றில் எதுவும் உங்களுக்கு இருக்கிறது என்று சொல்ல நான் மருத்துவரல்ல. ஆனால் எந்த நரம்பைச் சோதிப்பது, இரத்தத்தில் எதைத் தேடுவது என்பதை மருத்துவர் தீர்மானிப்பது நீங்கள் சொல்வதை வைத்துத்தான்.

பெங்களூருக்குப் போகலாம், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் போன்ற பெரிய மருத்துவ நிறுவனம் அங்கே இருக்கிறது. ஆனால் இப்போது போனால் நான்காவது மருத்துவரிடமும் பாதிக் கதையைத்தான் சொல்வீர்கள். முதலில் சேலத்திலேயே ஒரு நரம்பியல் மருத்துவரை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி, அவர் குறிப்பிடும் நாளில் மட்டும் போங்கள். மேலே அனுப்ப வேண்டுமென்றால் அவரே அனுப்பட்டும். குறித்த நாள் வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு: கை கால் உண்மையிலேயே வலுவிழந்து பொருள் நழுவுவது, செருப்பு காலில் நிற்காமல் போவது, மரத்துப்போதல் நாளுக்கு நாள் மேலே ஏறிவருவது, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ பேச்சு திடீரெனக் குழறினாலோ நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இதோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்பீர்கள். இந்தப் பகுதிக்கு எழுதுபவர்களில் பாதிப்பேர் கேட்பதுதான். நரம்புக்கு மருத்துவம் ஒரு பக்கம் நடக்கட்டும், பயத்துக்கு மருத்துவம் மறுபக்கம் நடக்கட்டும். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்று எந்த விதியும் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

இன்று இரவு குழந்தை தூங்கிய பிறகு மனைவியை உட்கார வைத்து ஏழு மாதக் கதையையும் சொல்லுங்கள். அவர் அழுவார், ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று சண்டையும் போடுவார். போடட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்வார். ஆனால் ஒன்று, மகளிடம் பிடுங்கிய வேலையை மனைவியிடம் கொடுத்துவிடாதீர்கள். கையை அழுத்திப் பார்க்கும் வேலை இனி அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

நாளைக் காலை மகள் வழக்கம்போல உங்கள் கையைப் பிடிக்க வருவாள். “அப்பா கையை இனிமே டாக்டர் பார்த்துக்குவாரும்மா, அம்மாவுக்கும் எல்லாம் தெரியும்” என்று சொல்லுங்கள். அவள் நம்பாமல் நிற்பாள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ வாசலில் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அப்போது கையை நீட்டிவிடாமல், அவளுடைய சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பள்ளி வரை கூடவே நடந்து போங்கள்.