வீட்டு வரி மதிப்பு ஏறினால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, என் கணவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய சேமநிதிப் பணத்தில் தாமானில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். அவர் போன பிறகு பின்பக்கம் சமையலறையை நீட்டினேன், முன்னால் கார் நிறுத்தக் கூரை போட்டேன். இப்போது கடிதம் வந்திருக்கிறது. ‘நிலாய் தாஹுனான்’ (ஆண்டு மதிப்பு) 3,600 வெள்ளியாக இருந்தது 6,000 ஆகிவிட்டதாம். நான் வீட்டை வாடகைக்கு விட்டதே இல்லை. பக்கத்து வீட்டிலும் சமையலறையை நீட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு 4,800தான். 6,000 வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். 6,000 வெள்ளி நீங்கள் கட்ட வேண்டிய பணம் இல்லை. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கு அது. நீங்களே குடியிருந்தாலும் இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் சொல்கிறது. அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வீடு மாதம் 500 வெள்ளிக்குப் போகும் என்று நினைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 6,000.

இந்த மதிப்பில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டுப் பங்குதான் வரி. அந்த விழுக்காட்டை ஒவ்வொரு மன்றமும் மாநில அரசின் ஒப்புதலோடு முடிவு செய்யும். சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 35 விழுக்காடு, வீடுகளுக்கு அதைவிட மிகக் குறைவாகவே போடுகிறார்கள். 8 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 480 வெள்ளி. பிப்ரவரி கடைசிக்குள் 240, ஆகஸ்ட் கடைசிக்குள் 240. உங்கள் பில்லில் ‘காடார்’ (வரி விழுக்காடு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஊர் முழுக்க மறுமதிப்பீடு நடக்கும்போது மதிப்பு ஏறி விழுக்காடு இறங்குவதும் உண்டு, அதனால் இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு அந்தத் தவணையை நீட்டலாம். ஆனால் வீட்டைப் பெரிதாக்கினால் இடையிலேயே மதிப்பைத் திருத்தலாம். ஆக, ஏறியது தப்பில்லை. 6,000 வரைக்கும் ஏறியது சரியா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஆட்கள் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, தேதியை விடுவதால்தான். தோட்டத்து லயத்தில் இருந்தவரை வீடு தோட்ட நிர்வாகத்துடையது, வரிக் கடிதம் ஆபீசுக்குப் போகும், நம் கைக்கு வராது. சொந்த வீட்டுக்கு வந்த முதல் தலைமுறை, அரசாங்கக் கடிதம் என்றாலே சாமி மேடையில் வைத்துவிடுகிறது. தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். கடிதத்தில் விசாரணைத் தேதி இருக்கும். அதற்குக் குறைந்தது 14 நாளுக்கு முன்னால் உங்கள் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கவுண்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது. நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது? உங்கள் வரிசையிலேயே வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு மூன்று வீடுகளின் வாடகையை விசாரியுங்கள், ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம், அவர்கள் குறித்து வைத்திருக்கும் அளவைக் கேட்டுப் பாருங்கள். கார்க் கூரையை அறையாக எழுதிவிட்ட கதையெல்லாம் எனக்குத் தெரியும். சமையலறையின் நீள அகலத்தை அளந்து, படம் எடுத்து இணையுங்கள். பக்கத்து வீட்டு 4,800-ஐயும் கட்டாயம் குறிப்பிடுங்கள். இதே வீடு அங்கே மாதம் 400, இங்கே 500 என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

விசாரணையில் கஷ்டத்தைச் சொல்லி அழ வேண்டாம் அம்மா. அங்கே பேச வேண்டியது வாடகை ஒன்றுதான். கஷ்டத்துக்குத் தனிக் கடிதம் கொடுங்கள், வரியைக் குறைக்கவோ தள்ளவோ மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மன்றத்தின் முடிவு திருப்தி இல்லையென்றால் உயர்நீதிமன்றத்துக்கும் போகலாம். உங்கள் தொகைக்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். பில் மட்டும் பாக்கி நிற்க வேண்டாம், விட்டால் ஜப்தி வாரண்டு வரை போகும்.

கேள்வி: கூலாயில் இருக்கும் என் அண்ணன் வீட்டு மதிப்பு லட்சத்தில் இருக்கிறது, பேராக்கில் எனக்கு ஆயிரத்தில்தான். அவரை ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், தாப்பா

பதில்: இல்லை தம்பி. ஜொகூரில் வாடகையை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்பதை வைத்துப் போடுகிறார்கள். அங்கே விழுக்காடு மிகச் சிறியது, உச்ச வரம்பே 5தான். இரண்டு பேரும் கடைசியில் கட்டும் தொகையை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் தாமான் நிலத்துக்கு மாறியது. வழிபாட்டுத் தலத்துக்கும் வரியா?
– கோயில் செயலாளர், பேராக்

பதில்: வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடத்துக்கு மாநில அரசு விலக்கு தரலாம். அது தானாக வராது, நிர்வாகக் குழு எழுதிக் கேட்க வேண்டும். கோயில் வளாகத்தில் ஒரு கடையை வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு விலக்கை எதிர்பார்க்காதீர்கள். விண்ணப்பத்தில் அதைப் பிரித்துக் காட்டிவிடுங்கள், மறைத்தால் மொத்த விண்ணப்பமும் சிக்கலாகும்.