ஒரு நொதி ஒரே ஒரு வேலையைத்தான் செய்யுமா?

நொதி என்பது உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். ஒன்றுக்கு ஒரு வேலை என்றுதான் பள்ளியில் படித்தோம். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவதுபோல ஒரு நொதிக்கு அதற்கான பொருள்தான் பொருந்தும் என்று 1894-இல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு-சாவி உவமை என் மனதில் வெகுகாலம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு நொதி எத்தனை வேதிவினைகளை நடத்துகிறது என்பது ஒன்று. செல்லுக்குள் அதற்கு எத்தனை பொறுப்புகள் என்பது வேறு.

வினை என்று பார்த்தால் மிகக் கறாரான நொதிகள் உண்டு. யூரியேஸ் யூரியாவைப் பிளக்கும். யூரியாவில் ஆக்சிஜன் அணு இருக்கும் இடத்தில் கந்தக அணு உள்ள தயோயூரியாவைக் கொடுத்தால் பிளக்காது. தாவரங்களின் ஒளிச்சேர்க்கையில் வேலை செய்யும் ரூபிஸ்கோ என்ற நொதி அப்படியில்லை. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது.

பொறுப்பு என்று வரும்போதுதான் எனக்கு வியப்பு அதிகம். செல்லின் சைட்டோசாலில், அதாவது செல்லை நிரப்பியிருக்கும் திரவத்தில், இருக்கும் அகோனிட்டேஸ் என்ற நொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. அந்தக் கொத்து இருக்கும்வரை அது சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக மாற்றும் சாதாரண நொதி. செல்லில் இரும்பு குறைந்தால் கொத்து கழன்றுவிடும். பிறகு அதே புரதம், புரதங்களைத் தயாரிப்பதற்கான செய்தியை மரபணுவிலிருந்து எடுத்துவரும் எம்ஆர்என்ஏ இழைகளில் சிலவற்றைப் பற்றிக்கொள்கிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் உற்பத்தியாகாமல் தடுக்கிறது. இரும்பைச் செல்லுக்குள்ளே இழுத்துவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதத்தின் எம்ஆர்என்ஏ சிதையாமல் காக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய அதனால் முடியாது. எது நடக்கும் என்பதை இரும்பின் அளவே முடிவு செய்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இப்படிப்பட்டவற்றுக்கு 1999-இல் உயிர்வேதியியலாளர் கான்ஸ்டன்ஸ் ஜெஃப்ரி 'மூன்லைட்டிங் புரதங்கள்' என்று பெயர் வைத்தார். பகல் வேலை போக இன்னொரு வேலையும் பார்க்கும் புரதங்கள் என்று பொருள். எனக்கு இந்தப் பெயரில் சிறு மனத்தாங்கல் உண்டு. எது முதன்மை வேலை, எது கூடுதல் வேலை என்று சொல்ல நாம் யார்? நாம் முதலில் கண்டுபிடித்த வினையை வைத்துத்தானே நொதிக்குப் பெயரிடுகிறோம்!

இதற்கு இன்னொரு உதாரணம்: வாத்தின் கண்வில்லையில் எப்சிலான் கிரிஸ்டலின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. வில்லை தெளிவாக இருந்து ஒளியைக் குவிக்க உதவும் புரதம் அது. 1987-இல் அதை ஆராய்ந்தவர்கள் கண்டது: லாக்டேட்டையும் பைருவேட்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியும் அதுவும் ஒரே புரதம், ஒரே மரபணுவிலிருந்து வருவது. கண்ணை முதலில் ஆராய்ந்திருந்தால், அதை நொதி என்றே நாம் அழைத்திருக்க மாட்டோம்.