நெறிக்குழுப் படிவமும் ஒரு போன் காலும்

ஐயா, வணக்கம்.

உயிரித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வால் யாருக்கும் தீங்கு வருமா என்று பார்த்து அனுமதி தரும் நெறிக்குழுவுக்கான படிவத்தை, சீனியர் போன வருஷம் கொடுத்ததில் தலைப்பையும் தேதியையும் மட்டும் மாற்றித்தான் தருகிறோம். இதனால் யாருக்காவது தீங்கு வருமா என்று கேட்டால், "முதல்ல பேப்பர் வரட்டும்மா" என்கிறார் கைடு. விஞ்ஞானி தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதெல்லாம் நடக்கிற காரியமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நடந்திருக்கிறது. ஆனால் கேட்டது இன்னொருவர்.

1971. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் பெர்க் என்ற விஞ்ஞானி, எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டிஎன்ஏவோடு, பாக்டீரியாவைத் தாக்கும் வேறொரு வைரஸின் டிஎன்ஏவை ஒட்டும் முயற்சியில் இருந்தார். ஒட்டியதை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்துவது அடுத்த கட்டம். எஸ்வி40 ஹாம்ஸ்டர் எலிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும். ஈ.கோலையோ நம் குடலிலேயே குடியிருப்பது. பெர்க்கின் மாணவி ஜேனட் மெர்ட்ஸ், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில் இந்தத் திட்டத்தைச் சொல்லிவிட்டார். அங்கே வகுப்பெடுத்த ராபர்ட் பொல்லாக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெர்க்குக்கே போன் போட்டார்.

பெர்க்குக்கு முதலில் எரிச்சல்தான். யாருக்குத்தான் வராது? ஆனாலும் நாலு பேரிடம் விசாரித்தார். ஆபத்தே இல்லை என்று அவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஈ.கோலைக்குள் செலுத்துவதை நிறுத்திவைத்தார். ஒட்டும் வேலை தொடர்ந்தது. 1972இல் பேப்பர் வந்தது, 1980இல் நோபலும் வந்தது. உங்கள் கைடிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த போன் கால்தான், இப்படி டிஎன்ஏவை ஒட்டுவதன் ஆபத்தைப் பேச விஞ்ஞானிகள் 1975 பிப்ரவரியில் கூடிய அசிலோமர் மாநாடு வரை போனது. மாநாட்டை எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. பேச்சு ஆய்வகப் பாதுகாப்போடு நின்றது. உயிரி ஆயுதம், மனித மரபணுவில் கைவைப்பது எல்லாம் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டன.

ஒதுக்கியது 2018இல் திரும்பி வந்தது. சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, தான் மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். அவரிடமும் நெறிக்குழுச் சான்று இருந்தது, போலியாக. மறு வருஷம் மூன்றாண்டு சிறைத்தண்டனை. முன்கூட்டியே விஷயம் தெரிந்த விஞ்ஞானிகள் இருந்தார்கள். சிலர் வேண்டாம் என்று அவரிடம் சொன்னதோடு சரி.

மெர்ட்ஸ் போராட்டமெல்லாம் நடத்தவில்லை. செய்யப்போவதை, செய்வதற்கு முன்னால், வெளியாள் ஒருவர் காதில் விழும்படி சொன்னார், அவ்வளவுதான். பக்கத்து ஆய்வகத்துக்காரரிடம் உங்களால் அது முடியும். அடுத்த தடவை சீனியரின் ஃபைலைத் திறக்காதீர்கள். வெற்றுப் படிவத்தை எடுங்கள். எந்தக் கட்டத்தில் பேனா நின்றது என்று எனக்கும் எழுதுங்கள்.