எச்டிஎம்எல் ஆரம்பப் பாடம்: கேள்வி பதில்

கே: எச்டிஎம்எல் ஒரு புரோகிராமிங் மொழியா சார்?

ப: இல்லைங்க. "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று அதில் சொல்ல வழியில்லை. இணையப் பக்கத்தில் இது தலைப்பு, இது பத்தி, இது லிங்க் என்று உரைக்குப் பெயர் ஒட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஒட்டும் அந்தக் குறிக்குத்தான் டேக் என்று பெயர். தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், செயல்பாட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட்.

கே: முதல் பக்கத்தில் கட்டாயம் என்னென்ன இருக்கணும்?

ப: முதல் வரியில் டாக்டைப், அதாவது இது எச்டிஎம்எல் பக்கம் என்ற அறிவிப்பு. அதை விட்டால் பிரவுசர் பழைய காலத்துப் பக்கங்களுக்கான குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும். அதில் பாடிக்கு (பக்கத்தில் தெரியும் பகுதி) கொடுத்த எழுத்தளவு டேபிளுக்குள் (அட்டவணை) இறங்காது, நீங்கள் சிஎஸ்எஸ்ஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தைப் பற்றிய விவரம் வைக்கும் ஹெட்டுக்குள் கேர்செட் (எழுத்துகளைப் படிக்கும் முறை), வியூபோர்ட் (திரை அகலத்துக்கான வரி), டைட்டில் (பக்கத்தின் பெயர்) மூன்றும் வேண்டும். வியூபோர்ட் இல்லையென்றால் மொபைல் பிரவுசர்கள் பெரும்பாலும் பக்கத்தை 980 பிக்சல் அகலத்துக்கு அமைத்துச் சுருக்கிவிடும். எழுத்து எறும்பு சைஸில் தெரியும்.

கே: தமிழில் அடிச்சேன். பிரவுசரில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசையா வருது.

ப: யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அந்த மூன்றையும் பிரவுசர் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படிக்கிறது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே என்பதால்தான் அந்த 'ஏ' விடாமல் வருகிறது. இது யூடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா கேர்செட் வரியை டைட்டிலுக்கு மேலே வையுங்கள். ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும். எடிட்டரிலும் யூடிஎஃப்-8 ஆகவே சேமியுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடரை (விவரக் குறிப்பு) பாருங்கள். அதில் வேறு கேர்செட் இருந்தால் மெட்டா வரி எடுபடாது.

கே: பத்திக்கான 'பி' டேக்குக்குள், பகுதி பிரிக்கிற டிவ் டேக் ஒண்ணு வெச்சேன். 'பி'க்குக் கொடுத்த நிறம் டிவ்வுக்கு வரல, கீழே காரணமில்லாம இடைவெளி வேற.

ப: நல்ல கேள்வி. 'பி'க்குள் டிவ் இருக்கக் கூடாது. டிவ்வைப் பார்த்ததும் பிரவுசர் 'பி'யைத் தானாகவே மூடிவிடும். ஆகவே டிவ் வெளியே நிற்கிறது, நிறமும் வராது. கடைசியில் நீங்கள் எழுதிய மூடும் 'பி'க்கு இப்போது ஜோடி இல்லை. பிரவுசர் அதற்கென்று ஒரு காலி 'பி'யை உண்டாக்கும். இடைவெளி என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதன் மார்ஜின், அதாவது வெளி ஓரம்தான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பிரவுசரின் வியூ சோர்ஸில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கும். டெவலப்பர் டூல்ஸின் எலிமெண்ட்ஸ் பகுதியில் பிரவுசர் திருத்திக்கொண்டது இருக்கும். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே தப்பைத் தேடுங்கள்.

கே: தப்புன்னா எரர் காட்ட வேண்டியதுதானே?

ப: தரவு எழுதும் டேக் மொழியான எக்ஸ்எம்எல் அப்படித்தான், ஒரு டேக் மூடாவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். 2000இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் அந்தக் கண்டிப்பை இணையப் பக்கங்களுக்கும் கொண்டுவரப் பார்த்தது; எடுபடவில்லை. எச்டிஎம்எல்5 எதிர்த்திசையில் போய், எந்தத் தப்பை எப்படிச் சமாளிப்பது என்பதையே விதியாக எழுதிவைத்தது. எனவே எரரை எதிர்பார்க்காதீர்கள், டபிள்யூ3சி (இணையத் தர அமைப்பு) வேலிடேட்டர் என்ற சோதனைக் கருவியில் பக்கத்தைப் போடுங்கள். வரி எண்ணோடு சொல்லும்.

கே: என் கம்ப்யூட்டரில் படம் தெரியுது, சர்வரில் ஏத்தினா காணோம்.

ப: ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் பொதுவாக இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுக்காது.

கே: வேர்டில் எழுதி ஒட்டின லிங்க் எங்கேயோ போகுது.

ப: வேர்டு நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றியிருக்கும். அது முகவரியின் பகுதியாகச் சேர்ந்துவிடுகிறது. டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதுங்கள்.

கே: வரி உடைக்கிற 'பிஆர்' டேக்கை மூடணுமா?

ப: வேண்டாம். பிஆர், எச்ஆர், மெட்டா, இன்புட் போன்றவற்றுக்குள் வைக்க எதுவும் இல்லை. முடிவில் சாய்கோடு போட்டாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. டிவ்வுக்கு அதே சாய்கோட்டைப் போட்டு மூடிவிட்டதாக நினைக்காதீர்கள். அது திறந்தே கிடக்கும், அடுத்து வருவதெல்லாம் அதற்குள் போய் உட்காரும்.