டிவி பாக்ஸ் வாங்கியதற்கு போலீஸ் வருமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 63. கோயிலில் பழக்கமான ஒரு தம்பியிடம் இரண்டு வருடத்துக்கு முன் 1,600 ரேண்டுக்கு ஒரு டிவி பாக்ஸ் வாங்கினேன். மாதம் 180 ரேண்ட் அனுப்பினால் எல்லாத் தமிழ்ச் சேனலும் புதுப் படங்களும் வரும். போன வாரம் போலீஸ் முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. திருட்டு இணைப்பு வைத்திருப்பது குற்றமாம். தைப்பூசக் காவடி வீடியோவில் முருகன் பாட்டைச் சேர்த்து என் மகள் ஃபேஸ்புக்கில் போட்டதும் குற்றமாம். மாலைக்குள் 3,500 ரேண்ட் இ-வாலட்டில் (போன் எண்ணுக்குப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் கேஸை முடித்துவிடுவார்களாம். அந்த வீடியோவின் சத்தத்தை ஃபேஸ்புக் ஏற்கெனவே நிறுத்தியிருந்ததால் பயமாக இருக்கிறது. பணத்தைக் கட்டிவிடவா? போலீஸ் வருமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு சென்ட்கூட அனுப்ப வேண்டாம், அந்த எண்ணுக்குப் பதிலும் எழுத வேண்டாம். அது போலீஸ் அனுப்பிய கடிதம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் எந்தப் போலீஸ்காரரும் இ-வாலட்டில் பணம் வாங்கிக்கொண்டு கேஸை முடிக்க முடியாது. அப்படி ஒருவர் வாங்கினால் குற்றவாளி அவர்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேஸ் நம்பர் என்று எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஏதோ இருக்கிறது. நம் ஊர் போலீஸ் கேஸ் நம்பர் எளிமையானது: ஒரு வரிசை எண், மாதம், வருடம், கூடவே ஸ்டேஷன் பெயர். ஸ்டேஷன் பெயர் இல்லாத கேஸ் நம்பரை எங்கே போய் விசாரிப்பது? முத்திரையைப் பார்த்து மிரள வேண்டாம், அதை இணையத்தில் யாரும் எடுத்து ஒட்டலாம். “மாலைக்குள்” என்பதையும் பாருங்கள். நீங்கள் மகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேட்பதற்குள் பணம் போய்விட வேண்டும் என்பதற்காக எழுதியது அது.

கடிதம் நிஜம்போலத் தெரிவதற்குக் காரணம், அதிலுள்ள சட்டத்தின் பெயர் நிஜம். 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் காப்பிரைட் சட்டம், பிரிவு 27. முதல் முறை தண்டிக்கப்பட்டால் பிரதி ஒன்றுக்கு 5,000 ரேண்ட் வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதை விதிக்க வேண்டியது நீதிமன்றம், அதுவும் வழக்கு நடத்தி. ஐயாயிரத்தைக் காட்டிப் பயமுறுத்தி, மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சலுகை தருவது மார்க்கெட்டில் புடவைக்கு விலை குறைப்பதுபோல இருக்கிறது.

சரி, போலீஸ் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிரிவு 27 குறிவைப்பது யாரை என்று பாருங்கள்: விற்பதற்காகப் பிரதி எடுப்பவர், விற்பவர், வாடகைக்கு விடுபவர், வியாபாரத்துக்காகப் பொது இடத்தில் காட்டுபவர், உரிமையாளருக்குப் பாதிப்பு வரும் அளவுக்குப் பரப்புபவர். இந்த நாட்டில் ஆன்லைன் திருட்டுக்கு 2014இல் கேப் டவுனில் ஒருவர் தண்டிக்கப்பட்டார். அவர் உள்ளூர்ப் படம் ஒன்றைப் பைரேட் பே என்ற திருட்டுப் படத் தளத்தில் ஏற்றியவர். ஐந்து வருட தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்தவர் அல்ல. உங்கள் கதவைத் தட்டப் போலீஸ் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மாதாமாதம் அனுப்பும் 180 ரேண்டில் ஒரு காசுகூட அந்தச் சேனலுக்கோ படம் எடுத்தவருக்கோ போவதில்லை. அது திருட்டு இணைப்பு என்பது உங்களுக்கும் தெரியும். வீட்டில் பிள்ளைகள் யாராவது டாரண்ட்டில் படம் இறக்கினால் அது வேறு கதை. இறக்கும்போதே அதன் துண்டுகளை மற்றவர்களுக்கு அது ஏற்றியும் கொடுக்கிறது, அதாவது பரப்புகிறார்கள். முழுப் படத்தை டெலிகிராம் குரூப்பில் போடுவதும் அப்படியே.

இதையெல்லாம் தெளிவாகச் சொல்ல ஒரு நல்ல சட்டம் இருந்தால் நானும் இரண்டு வரியில் முடித்திருப்பேன். நம் நாட்டில் டிவி வந்ததே 1976இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டுதான் இன்று ஸ்ட்ரீமிங்கையும் ஃபேஸ்புக்கையும் பேசிக்கொண்டிருக்கிறோம். திருத்த மசோதா 2017இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2020இல் ஜனாதிபதி திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது. அதே வருடம் ஜனாதிபதி அதை அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார். 2017இல் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகும் மசோதா படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்படிச் சட்டம் குழப்பமாக இருக்கும் இடத்தில்தான் இந்த வாட்ஸ்அப் “போலீஸ்”காரர்கள் கடை போடுகிறார்கள்.

அடுத்து மகளின் வீடியோ. சத்தம் நின்றது போலீஸ் நடவடிக்கை இல்லை. இசை நிறுவனங்கள் தங்கள் பாட்டுகளின் மாதிரியை ஃபேஸ்புக்கிடம் கொடுத்து வைத்திருக்கின்றன. யார் வீடியோ ஏற்றினாலும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது, பொருந்தினால் சத்தத்தை நிறுத்துகிறது. யூடியூபிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. ஒரு வீடியோவில் சத்தம் நின்றதாலேயே அது கோர்ட் கேஸ் ஆகிவிடாது.

“அருணகிரிநாதர் பாடிய திருப்புகழுக்கு யார் உரிமை கொண்டாடுவது?” என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். திருப்புகழுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பாட்டு எழுதியவர் இறந்து ஐம்பது வருடம் வரைதான் நம் சட்டம் பாதுகாக்கிறது, அவரோ பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டு, அவருக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் மகள் வீடியோவில் சேர்த்தது வெறும் பாட்டு இல்லை, ஒரு பாடகர் ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்தது. அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இங்கே அது வெளிவந்த வருடக் கடைசியிலிருந்து ஐம்பது வருடம், இந்தியாவில் அறுபது. 1970இல் வந்த இசைத்தட்டு என்றால் இங்கே 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது, இந்தியாவில் 2030 முடியும்வரை இருக்கிறது. ஃபேஸ்புக் உலகம் முழுக்க ஒரே கம்பெனி, நிறுத்தும்போது எப்போதும் நம் ஊர்க் கணக்கைப் பார்த்துத்தான் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. பழைய பாட்டுக்குப் புதிதாக மெட்டமைத்திருந்தால் அந்த மெட்டுக்கும் ஓர் உரிமை. அதனால் சுலபமான வழி, அன்றைக்கு ஊர்வலத்தில் உங்கள் கோயில் பஜனைக் குழு பாடியதையும் உறுமி மேளத்தையும் அப்படியே விட்டுவிடுவது. கேசட் பாட்டை மேலே போடாமல் இருந்தாலே போதும். குழு தாங்களே பாடியும் கம்ப்யூட்டர் தவறுதலாக நிறுத்தினால், மறுப்புத் தெரிவிக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது, தைரியமாக அழுத்தலாம்.

சரி, இனி முக்கியமானது. மிரட்டியவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கிறது. மகளின் வீடியோ ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் திறந்து கிடந்தது, கீழே “அம்மா, சாட்ஸ்வொர்த்” என்று வேறு எழுதியிருக்கிறார். அது யாருக்கும் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் பாக்ஸ் இருப்பது யாருக்குத் தெரியும்? விற்றவருக்கு. அந்தத் தம்பிதான் செய்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே முகம் தெரியாத இன்னொருவர் என்று ஒரு வரிசை இருக்கும். வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர் பட்டியல் அந்த வரிசையில் கைமாறும். திருட்டு இணைப்பு விற்கிறவன் உங்கள் விவரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருப்பான் என்று எதை வைத்து நம்புவது? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி ஆளைத் தேடி அது வருவதற்குள் உங்கள் விவரம் ஊர் சுற்றிவிடும்.

வாங்கும்போது ஐடி நகல் கேட்டாரா? கேட்டிருந்தால் அதுதான் எனக்குப் பெரிய கவலை. பதின்மூன்று எண்ணில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி. ஐடியும் போன் நம்பரும் ஒன்றாகக் கிடைத்தால் உங்கள் சிம்மை வேறொரு கார்டுக்கு மாற்றி, பாங்க் அனுப்பும் ஓடிபியைத் தங்கள் போனுக்கு வரவைக்க முயல்வார்கள். உங்கள் போனில் திடீரென்று சிக்னலே இல்லாமல் போனால், டவர் பிரச்சினை என்று இருந்துவிடாமல் வேறொரு போனிலிருந்து உடனே பாங்க்குக்குக் கூப்பிடுங்கள்.

பாக்ஸும் ஒரு சந்தேகப் பேர்வழிதான். பேட்பாக்ஸ் 2.0 என்ற கோளாறு பற்றி 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ எச்சரித்தது. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில், வாங்கும் முன்பே அல்லது முதல்முறை ஆப் ஏற்றும்போது, ஒரு ரகசிய நிரல் புகுந்துவிடுகிறது. பிறகு எங்கோ இருக்கும் திருடர்கள் உங்கள் வீட்டு இணைய இணைப்பின் வழியாகத் தங்கள் வேலையைச் செய்வார்கள், வெளியே தெரிவது உங்கள் வீட்டு முகவரி. உங்கள் பாக்ஸ் அப்படிப்பட்டதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள்: மாட்டிக் கொடுக்க வந்தவர் “பிளே புரொடெக்ட்” என்ற கூகுளின் பாதுகாப்புச் சோதனையை அணைத்தாரா? “இதை ஆஃப் பண்ணினால்தான் ஆப் ஏறும் ஆன்ட்டி” என்று சொன்னாரா? சொல்லியிருந்தால் வீட்டுக் காவல்காரனை அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பாக்ஸை இன்றே கழற்றிவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். பாங்க் கார்டு எண்ணை அந்த ஆப்பில் எங்காவது கொடுத்திருந்தால் கார்டை நிறுத்திப் புதிது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுமுன், செய்தியையும் எண்ணையும் மகளைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐடி கொடுத்திருந்தால் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாக ஒரு பாதுகாப்புப் பதிவு செய்யலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், அங்கே உறுப்பினரான நிறுவனங்கள் கூடுதலாகச் சரிபார்க்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்கும் சார்ஜ் ஆபிஸிலும் எழுதிக் கொடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், மேஜைக்குப் பின்னால் இருப்பவர் “பணம் போகவில்லையே, அப்புறம் என்ன கேஸ்?” என்பார். பணம் போயிருந்தாலோ பாங்க்குக்குப் போ என்பார், பாங்க்காரர் கேஸ் நம்பர் கொண்டு வா என்பார். இந்த ஓட்டத்தில் வயதானவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், அது எல்லாருக்கும் வசதியாகிவிடுகிறது. மிரட்டிப் பணம் கேட்பது, பணம் கைமாறாவிட்டாலும் குற்றத்துக்கான முயற்சி. அதை அழுத்திச் சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் இன்னொரு கூட்டம் வரும். “உங்கள் பெயரைப் போலீஸ் லிஸ்டிலிருந்து எடுத்துத் தருகிறேன்”, “நின்றுபோன ஃபேஸ்புக் அக்கவுண்ட்டை மீட்டுத் தருகிறேன்” என்று ஐந்நூறு, ஆயிரம் கேட்பார்கள். மகள் ஃபேஸ்புக்கில் உதவி கேட்டு எழுதினால் சில நிமிடத்தில் கீழே வந்து நிற்பார்கள். முதலாமவனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கிடையாது. உண்மையிலேயே வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதில் வக்கீலின் பெயரும் ஆபிஸ் முகவரியும் இருக்கும், வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். சிவில் வழக்கில் கோர்ட் சம்மனை ஷெரிஃப் என்ற கோர்ட் அதிகாரி கொண்டுவந்து கொடுப்பார். அது வந்தால் மட்டும் ஓரமாக வைத்துவிடாதீர்கள். பதில் போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடலாம்.

ஃபேஸ்புக்கையே மூடிவிடச் சொல்கிறேன் என்று மகள் நினைக்க வேண்டாம். ஜோஹன்னஸ்பர்க்கிலும் லண்டனிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் காவடி பார்க்க அதுதான் வழி, தமிழ்நாட்டுச் சொந்தங்களைத் தேடிக் கண்டுபிடித்த குடும்பங்களும் நம்மில் உண்டு. படத்தைக் குடும்பத்தார் மட்டும் பார்க்கும்படி வைத்து, ஊரையும் தெருவையும் எழுதாமல் விட்டால் போதும். சீரியல் விட்டுப்போகும் என்பது உங்கள் கவலையானால், டிஎஸ்டிவி என்ற கட்டண டிவி நிறுவனத்தில் என்ன தமிழ்ச் சேனல் இப்போது உண்டு என்று அவர்களிடமே நேரடியாகக் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். பழைய படங்கள் பலவற்றைத் தயாரிப்பு நிறுவனங்களே யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கின்றன.

அந்தத் தம்பிக்கு ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு வாங்கப் போகாதீர்கள், போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். “இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் ஈடுகட்டிவிடுகிறேன் ஆன்ட்டி” என்று அவர் சொல்லக்கூடும். சேர்த்துவிட்டால் அந்த இரண்டு வீட்டுக்கும் இதே கடிதம் போகும், அப்போது நீங்களும் அந்த வரிசையில் ஒரு ஆள்.